கணக்கு ஜி3: படிவத்தில் எதை டிக் செய்வது?

கேள்வி:

வணக்கம் டீச்சர். என் மகள் இந்த ஆண்டு உயர்நிலை ஒன்றுக்குப் போகிறாள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஆங்கிலம் ஏஎல் (அடைவுநிலை) 6, கணக்கு 5, அறிவியல் 7, தமிழ் 5, மொத்தம் 23. எண் குறையக் குறைய நல்லதாம். போஸ்டிங் குரூப் 2இல் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். கணக்கை ஜி3 என்கிற மேல்நிலையில் படிக்க அவளுக்குத் தகுதி இருக்கிறது, விருப்பம் இருந்தால் டிக் செய்து கொடுங்கள் என்றார்கள்.

என் கணவர் வேண்டாம் என்கிறார். அவர் தொடக்கப்பள்ளியில் இஎம்3, பிறகு உயர்நிலையில் நார்மல் டெக்னிக்கல், பிறகு ஐடிஇ தொழிற்கல்விக் கழகம். இப்போது லிஃப்ட் பராமரிப்பு வேலை. "நம்ம வீட்டுக்குக் கணக்கு ஏறாது, பிள்ளையப் போட்டு வதைக்காதே" என்கிறார். மகளும் "அங்க எல்லாரும் கெட்டிக்காரங்க, நான் மட்டும் போய் உக்காரணுமா?" என்கிறாள். ஜி2இலேயே முதல் மாணவியாக வரட்டுமே என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் ஊரில் பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலம் சுமார்தான். மாதம் முந்நூறு வெள்ளி கொடுத்து டியூஷன் வைக்கவும் வசதியில்லை. வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மகன் தொடக்கநிலை மூன்றில் இருக்கிறான். மீத்திறன் தேர்வுக்கு இப்போதே பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறார்களே, அப்படியா?

— பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமைக் கெடு என்று எழுதியிருந்ததால், "ஜி3 வேண்டும் என்று டிக் செய்து கொடுத்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்" என்று அன்றைக்கே உங்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். கொடுத்துவிட்டேன் என்று பதில் போட்டீர்கள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் சேர்த்திருந்தீர்கள்! ஆகவே இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அவர் பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அவர் பட்டுத் தெரிந்துகொண்டது அது. இஎம்3 என்றால் தொண்ணூறுகளிலோ இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகளிலோ தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பார். 1992இலிருந்து தொடக்கநிலை நான்கு முடிகிறபோது பிள்ளைகளை இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரித்தார்கள், மூன்றுதான் கடைசி. 2008இல்தான் அந்தப் பெயர் ஒழிந்தது. பத்து வயது. பால்பல் எல்லாம் விழுந்துகூட முடிந்திருக்காது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் வகுப்பின் எண் எத்தனை என்று தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, இடைவேளையில் கேன்டீனில் மற்றப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பிரிப்பு கெட்ட எண்ணத்தில் தொடங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1979இல் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு அறிக்கை கொடுத்த சமயத்தில், எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு மொழிகளில் ஒரே வேகத்தில் ஓட்டியதால் பலர் பாதியிலேயே பள்ளியை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு ஏற்றபடி வேகத்தை மாற்றினால் பள்ளியில் தங்குவார்கள் என்று எண்ணினார்கள். தங்கவும் செய்தார்கள். 1994இல் உயர்நிலைப்பள்ளியில் கடைசிப் பிரிவாக வந்த நார்மல் டெக்னிக்கலும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதில் எனக்குச் சண்டை கிடையாது. ஆங்கிலத்தில் தடுமாறிய பிள்ளையின் மொத்த மதிப்பெண் சரிந்து, அந்த மொத்தத்தை வைத்து அவன் கணக்கையும் அறிவியலையும் சேர்த்துக் கீழ்த்தட்டில் வைத்தார்களே, அங்கேதான் சண்டை. ஒரு பாடத்தில் பிள்ளை எழுந்து நின்றாலும் மற்ற மூன்றும் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிடும்.

1997இல் நான் நார்மல் டெக்னிக்கல் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். முதல் வாரம் புத்தகம் கொடுக்கிறேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் அதை வாங்கி, மீன் கடையில் எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "டீச்சர், எங்க புத்தகம் மட்டும் ஏன் இவ்ளோ மெல்லிசு?" அவன் அண்ணன் மேல்பிரிவான எக்ஸ்பிரஸ். வீட்டில் அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. உனக்குத் தூக்க லேசாக இருக்கட்டும் என்று ஏதாவது சிரித்து மழுப்பியிருப்பேன். அந்த ஆண்டு முடிவதற்குள், அந்தப் புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் அவன் போட்டு முடித்துவிட்டான். மேலே கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கொடுத்திருந்தாலும் அவன் எழுதப்போகிற தேர்வில் அது வராது.

உங்கள் மகளுடைய காலம் வேறு. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே கிடையாது. போஸ்டிங் குரூப் 1, 2, 3 என்பது பள்ளியில் நுழைகிறபோது உள்ள எண். உள்ளே போனதும் ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக ஜி1, ஜி2, ஜி3. பழைய எக்ஸ்பிரஸ் அளவு ஜி3, அதற்குக் கீழே மற்ற இரண்டும். வகுப்பறையிலும் மூன்று குரூப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, உணவுக் கல்வி, நன்னெறி போன்ற பாடங்கள் எல்லாருக்கும் பொது, பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கணக்கு மணி அடித்ததும் அவரவர் நிலைக்குரிய அறைக்கு நடப்பார்கள்.

மகளுக்குக் கணக்கில் ஏஎல் 5, அதாவது 65க்கும் 74க்கும் இடையே மதிப்பெண். ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல நிலை எடுத்த பாடத்தை, குரூப் 2 பிள்ளை உயர்நிலை ஒன்றின் முதல் நாளிலிருந்தே ஜி3இல் படிக்கலாம் என்பது கல்வி அமைச்சின் விதி. பள்ளி உங்களுக்கு எந்தச் சலுகையும் செய்யவில்லை. அவள் எழுதிச் சம்பாதித்த இடம் அது.

அப்படியிருக்க அந்தப் படிவம் ஏன் ‘விருப்பம் இருந்தால்’ என்று கேட்கிறது? இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. அந்த இரண்டு சொல் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி காதில் விழுகிறது. அப்பா அம்மா இருவரும் பல்கலைக்கழகம் போன வீட்டில் ‘எடுத்துக்கொள்’ என்று கேட்கும். உங்கள் வீட்டில் ‘உனக்கு இது ஒத்து வருமா, யோசித்துக்கொள்’ என்று கேட்டிருக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் சேர்க்கை நாளன்று மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏஎல் 4 வாங்கிய பிள்ளையின் தாய், "வேணாம் டீச்சர், பயமா இருக்கு" என்று ஒரே நிமிடத்தில் எழுந்து போவார். ஏஎல் 6 வாங்கிய பிள்ளையின் தந்தை, எங்கள் பையனையும் ஜி3இல் போட வழி இருக்கிறதா, முதல்வரைப் பார்க்கலாமா, மின்னஞ்சல் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அரை மணி நேரம் நகராமல் நிற்பார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, பிள்ளைக்காக நிற்கிறார். ஆனால் அந்தத் தாய் எழுந்து போனபோது நான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

டெக்சஸ் மாநிலத்தில் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்வில் கணக்கில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வருகிற பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் கடினமான கணக்கு வகுப்பில் பள்ளியே போட்டுவிட வேண்டும். வேண்டாம் என்கிற பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டாலஸ் நகரப் பள்ளிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இப்படிப் படிவத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தன. அதுவரை அந்த வகுப்புகளில் அரிதாகத் தென்பட்ட கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். பிள்ளைகளின் மூளை ஒரே ஆண்டில் வளர்ந்துவிடவில்லை, டிக் போட வேண்டிய இடம்தான் மாறியது. நம் பள்ளிகளும் தகுதி உள்ள பிள்ளைக்கு ‘ஜி3’ என்றே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மறுப்பவர்கள் மட்டும் வந்து காரணம் சொல்லட்டும் என்று விடலாம். இதை ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

இப்போது என் தவறு ஒன்று. 2018இல், முழு மாற்றம் வருவதற்கு முன்பே, நார்மல் பிரிவுப் பிள்ளைகள் தங்களுக்கு வருகிற பாடத்தை ஒரு படி மேலே படிக்கலாம் என்ற வழி திறந்திருந்தது. ஒரு பெண், பெயர் வேண்டாம், கணக்கில் நல்ல நிலை எடுத்திருந்தாள். பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். ‘புதுப் பள்ளி, புதுச் சூழல், முதலில் பழகட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்’ என்றேன். கனிவாகப் பேசுகிறோம் என்ற நினைப்பு எனக்கு. அடுத்த ஆண்டு அவள் தன் வகுப்பில் முதலாவதாகத்தான் வந்தாள். மேலே மாற்றலாம் என்று பார்த்தால், மேல் வகுப்பு இரண்டு பாடங்கள் முன்னே போய்விட்டது. அந்த இடைவெளியை டிசம்பர் விடுமுறையில் யார் அடைப்பது? அவள் வீட்டில் யாருமில்லை. அவள் மாறவில்லை. பின்னால் சுற்றுவழியில் போய் நன்றாகவே இருக்கிறாள், ஆனால் அவள் கூடுதலாகச் செலவழித்த ஆண்டுகளில் ஒன்றாவது என் கணக்கில் எழுத வேண்டியது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறேன். ஜி3இல் தொடங்கிவிட்டு முடியாவிட்டால் ஜி2க்கு வரலாம். வருகிறபோது அவள் ஏற்கெனவே பார்த்த பாடமே அங்கே நிதானமாக நடந்துகொண்டிருக்கும். ஜி2இல் தொடங்கி ஜி3க்கு ஏறவும் விதி உண்டு, நன்றாகச் செய்தால் பள்ளி அனுமதிக்கும். ஆனால் ஏறுகிற பிள்ளை தவறவிட்டதைத் தானாகப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இறங்குவது படிக்கட்டு, ஏறுவது ஏணி.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு வருகிற தெம்பை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்காம் ஆண்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘ஓ’ நிலை, ‘என்’ நிலை என்ற பழைய உயர்நிலை இறுதித் தேர்வுகள் போய், 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு. அந்தச் சான்றிதழில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அது எந்த நிலையில் எழுதப்பட்டது என்று இருக்கும். 2028இலிருந்து பாலிடெக்னிக்கின் முதலாம் ஆண்டில் நேராகச் சேர, கணக்கில் எடுக்கும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 ஆக இருக்கலாம். மற்ற நான்கும் ஜி3. ‘ஜி2இல் முதல் மாணவி’ என்று எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது. குரூப் 2 பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் அடித்தளத் திட்டம் என்று ஓராண்டு வழியும் இருக்கிறது, நல்ல வழிதான். எந்த வழி என்பதைப் பதினாறு வயதில் அவளே முடிவு செய்யட்டும். பன்னிரண்டு வயதில் நாம் ஒரு கதவைச் சாத்த வேண்டியதில்லை.

தம்பி, இனி உங்களிடம். தம்பி என்று கூப்பிடலாம்தானே, உங்கள் வயதில் எனக்கு மாணவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்கிற லிஃப்டில் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஓர் எடைக்கட்டு தொங்குகிறது. அது எவ்வளவு இருக்க வேண்டும்? பெட்டியின் எடை, அதோடு ஏற்றக்கூடிய முழுச் சுமையில் ஏறக்குறையப் பாதி. ஏன் பாதி என்று எனக்கு நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டும்: காலியாக ஓடினாலும் நிரம்பி ஓடினாலும் மோட்டார் தாங்குகிற பளு ஏறத்தாழ ஒன்றாக இருக்க. இன்றிரவு மகளை உட்கார வைத்துக் கேளுங்கள். பெட்டி 1,200 கிலோ, முழுச் சுமை 1,000 கிலோ, எதிர் எடை எவ்வளவு? 1,700 என்பாள், யோசிக்கவே மாட்டாள். அப்புறம் திருப்பிப் போடுங்கள். எதிர் எடை 2,100, பெட்டி 1,500, இந்த லிஃப்டில் எவ்வளவு ஏற்றலாம்?

ஒரு தாள் எடுத்து நீளமாக ஒரு பட்டை வரைவாள். அதில் 1,500ஐ வெட்டித் தனியே வைப்பாள். மிச்சம் 600. அது பாதிதான் என்று நினைவு வந்து, பக்கத்தில் அதே அளவில் இன்னொரு பட்டை ஒட்டி 1,200 என்று எழுதுவாள். இந்த ஊர்த் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் இப்படி மாடல் வரைந்து கணக்குப் போட்டுத்தான் வளர்கிறார்கள். உயர்நிலை ஒன்றில் அந்தப் பட்டையின் இடத்தில் ‘எக்ஸ்’ என்று ஓர் எழுத்து வந்து உட்காரும். முதல் பருவத்தில் பிள்ளைகள் மிரளுவது இதைப் பார்த்துத்தான். ஜி2க்கும் ஜி3க்கும் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்று, வேகமும் ஆழமும் வேறு. பட்டையை அவள் வரைந்துவிட்டாள் என்றால், அதைக் காட்டி, "இதுக்குப் பேரு எக்ஸுன்னு வச்சுக்க" என்று நீங்களே சொல்லலாம். நம்ம வீட்டுக்குக் கணக்கு ஏறாது என்றீர்களாம். கணக்கு ஏறாத ஆளை நம்பியா நாங்கள் தினமும் பதினான்காவது மாடிக்கு ஏறுகிறோம்?

சகோதரி, உங்களுக்குச் சில நடைமுறைச் செய்தி. ஏஎல் 5 வாங்கிய பிள்ளை ஜி3 வகுப்பில் முதல் பத்துக்குள் இருக்க மாட்டாள். அநேகமாகப் பின்பாதியில்தான் இருப்பாள், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இப்போது அரையாண்டுத் தேர்வு கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு மதிப்பீடு நடக்கும். முதல் மதிப்பீட்டில் ஐம்பதுக்குக் கீழே வந்தால் வீட்டில் யாரும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லக் கூடாது. இதைக் கணவர் படிக்கிற பாதியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளை வாங்கிப் பார்த்து, தெரியாமல் விட்டது எத்தனை, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது எத்தனை என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். நேரம் போதாதது பழகப் பழகச் சரியாகும். தெரியாமல் விட்டது ஒரே தலைப்பில் குவிந்திருந்தால் அந்தத் தலைப்பைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

கேட்பது என்றதும் உங்களுக்கு ஆங்கிலம் நினைவுக்கு வந்திருக்கும். ஆசிரியருக்கு நீளமாக எழுத வேண்டாம். ‘என் மகள் குரூப் 2இலிருந்து ஜி3 கணக்குப் படிக்கிறாள், பள்ளிக்குப் பிறகு கூடுதல் வகுப்பு உண்டா, என்றைக்கு?’ என்று மகளையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி உங்கள் பெயரில் அனுப்புங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பாடம் முடிந்தபின் தங்க வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

முந்நூறு வெள்ளி டியூஷன் தேவையில்லை. இந்த ஊர்க் குடும்பங்கள் 2023 கணக்கெடுப்பின்படி ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளியை டியூஷனில் கொட்டுகின்றன. அதில் பாதி பயத்துக்குக் கட்டும் வரி என்பது என் அபிப்பிராயம். இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளில் கேளுங்கள், கட்டணம் மிகக் குறைவு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் சலுகை உண்டு. இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில்தான் 1991இல் சிண்டாவையே தொடங்கினார்கள். உங்கள் சம்பளத்திலும் கணவர் சம்பளத்திலும் மாதாமாதம் அதற்கென்று ஒரு தொகை பிடிக்கிறார்கள், சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் காசில் நடக்கிற வகுப்புக்குப் போகத் தயக்கம் எதற்கு?

எப்போது விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முடிவில், கூடுதல் வகுப்புக்குப் போயும் சிண்டாவுக்குப் போயும் மதிப்பெண் அசையவில்லை, கணக்கால் மற்றப் பாடங்களும் கெடுகின்றன, பிள்ளை ஞாயிறு இரவானால் வயிற்று வலி என்கிறாள் என்றால், ஜி2க்கு மாற்றுங்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் மார்ச் மாதத்தில் மாற்றாதீர்கள். மார்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு வலிக்கும்.

‘அங்க எல்லாரும் கெட்டிக்காரங்க’ என்று மகள் சொன்னதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. முதல் நாள் அந்த அறைக்குத் தனியாக நடப்பது கஷ்டம்தான். குரூப் 2இலிருந்து ஜி3 கணக்குக்குப் போகிற வேறு பிள்ளைகள் அவள் வகுப்பில் யார் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நிச்சயம் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். சேர்ந்து நடக்கட்டும்.

மகன் விஷயம். பயிற்சி வகுப்பு வேண்டாம். 1984இல் தொடங்கிய பழைய மீத்திறன் திட்டம் ஓர் ஆண்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டினரைப் பொறுக்கி ஒன்பது பள்ளிகளில் சேர்த்தது. அந்த வடிவம் முடிகிறது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணியில் அறிவித்தார். அந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து புது முறை. உங்கள் மகன் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறான். இனி எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கும், மேலும் தேவைப்படுகிறவர்கள் பள்ளி முடிந்தபின் அருகிலுள்ள பள்ளியில் கூடுதல் வகுப்புக்குப் போகலாம். பத்து விழுக்காட்டுப் பிள்ளைகள் வரை இதில் வருவார்கள் என்பது திட்டம். தேர்வோடு, வகுப்பில் பிள்ளை செய்கிற வேலையையும் ஆசிரியரின் கவனிப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பயிற்சி நிலையங்கள் பழைய பயத்தையே புதுப் பெயரில் விற்கின்றன.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தேர்வுக்கு ஒப்புதல் கேட்டு வருகிற தாளில் ‘சரி’ என்று எழுதிக் கொடுங்கள். ஃபுளோரிடாவில் புரோவர்ட் என்ற வட்டாரத்தில், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதித்த முறையை விட்டு, 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்தார்கள். அதுவரை யார் கண்ணிலும் படாத ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் வெளிப்பட்டார்கள். பிறகு பணமில்லை என்று அதை நிறுத்தினார்கள், பழையபடி ஆயிற்று. உங்கள் மகனை யாராவது பார்க்க வேண்டுமானால் அந்த அறையில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறானா வரவில்லையா என்பது அப்புறம்.

கடைசியாக, நான் அனுப்பிய அந்த ஒரு வரியில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். மகளுக்குத் தமிழிலும் ஏஎல் 5. கணக்குக்குச் சொன்ன அதே விதி தமிழுக்கும் உண்டு. அதே படிவத்தில் தாய்மொழிக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும். உங்கள் கடிதத்தில் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் கண்ணிலும் அப்போது படவில்லை. தமிழாசிரியைகள் இருவர் இருக்கிற வீட்டில் பிறந்த எனக்கே இந்தக் கதி! பாலிடெக்னிக்கில் சேர எண்ணும் பாடங்களில் அதுவும் ஒரு ஜி3 பாடம், அதற்கு அவள் இரவில் கூடுதலாகக் கண் விழிக்கக்கூட வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை காலை பள்ளி அலுவலகத்துக்குப் ஃபோன் போட்டு, தமிழையும் ஜி3க்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கமாக இருந்தால், தமிழாசிரியரிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லி, அவர் வரும்வரை லைனிலேயே இருங்கள்.